ஜார்ஜியன் செங்கல் வீட்டில் கோளாறா? அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி

லண்டனில் ஒரு ஜார்ஜியன் காலத்துச் செங்கல் வீட்டில் குடியிருக்கிறீர்கள். மேல்மாடியில் பழுப்புக் கறை, கீழே சுவர் ஓதம் காக்கிறது, ஜன்னல் பாதியில் நின்றுவிடுகிறது, பார்க்க வந்த ஆள் உள்ளே நுழைந்த ஐந்தாவது நிமிஷமே எல்லாவற்றையும் உரித்துவிட்டு சிமெண்ட் பூசிவிடலாம் என்கிறார். அவரை இப்போதைக்கு அனுப்பிவிட்டு இதைப் படியுங்கள். பல வருஷமாக இந்த மாதிரி வீடுகளில் மராமத்து வேலை செய்கிறேன். எந்த அறிகுறிக்கு எங்கே முதலில் பார்க்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று வேலையில் கற்றதை அப்படியே சொல்கிறேன்.

ஜார்ஜியன் என்றால் 1714 முதல் 1830 வரை, நான்கு ஜார்ஜ் மன்னர்கள் அடுத்தடுத்து ஆண்ட காலம். மாடிக்கு இரண்டு அல்லது மூன்று ஜன்னல், நிலவறையோடு சேர்த்து நான்கைந்து தளம், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச்சுவர், கூரையை மறைத்துக்கொண்டு எழும்பி நிற்கும் கைப்பிடிச் சுவர். இவற்றில் பெரும்பாலானவை குத்தகை நிலத்தில், பல இடங்களில் 99 வருஷக் குத்தகையில், விற்பதற்கென்றே கட்டியவை. குத்தகை முடிந்ததும் வீடு நிலச்சொந்தக்காரருக்கே போய்விடும் என்று தெரிந்து கட்டியவர்கள், தெருவுக்குத் தெரியும் இடத்தில் காசைப் போட்டு, தெரியாத இடத்தில் மிச்சம் பிடித்தார்கள். கீழே வரும் கோளாறுகளில் பல அங்கே போய் முடியும். மற்றவை, பின்னால் வந்தவர்கள் நல்ல எண்ணத்தோடு செய்த ரிப்பேரில் போய் முடியும். இரண்டுக்கும் பொதுவான ஒன்று தண்ணீர். எந்த அறிகுறியாக இருந்தாலும் தண்ணீர் எங்கே நுழைகிறது, எந்த வழியாக வெளியேறப் பார்க்கிறது என்று தெரியாமல் சுவரில் கை வைக்காதீர்கள்.

தொடங்கும் முன்

டார்ச், தூக்குக்குண்டு, தமரூசி, பென்சில், ஒரு நோட்டுப்புத்தகம், முடிந்தால் பைனாகுலர். இவ்வளவு போதும். நல்ல மழை பெய்யும்போது குடையோடு தெருவில் நின்று முகப்பைப் பாருங்கள். காய்ந்த நாளில் ஒரு மணி நேரம் தேடியும் கிடைக்காத விடை மழையில் ஐந்து நிமிஷத்தில் கிடைக்கும்.

இந்த வீடுகள் பெரும்பாலும் அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும். பட்டியலில் இருந்தால் வீட்டின் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும், உள்பக்கம் செய்தாலும் சரி, உள்ளூர் கவுன்சிலின் அனுமதி வேண்டும். இல்லாமல் செய்வது கிரிமினல் குற்றம். முந்தைய உரிமையாளர் செய்த தவறைச் சரிசெய்யச் சொல்லி உங்களுக்கே நோட்டீஸ் வரலாம். ஜன்னலைக் கழற்றி மாட்டுவது, செங்கற்களுக்கு நடுவே உள்ள நாலு சந்தை அதே சுண்ணாம்பில் அடைப்பது போன்ற சில்லறை வேலைகளுக்குப் பொதுவாகத் தேவைப்படாது. ஆனாலும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வீட்டின் வயதைத் தெரிந்துகொள்ள ஜன்னலைப் பாருங்கள். 1666 பெருந்தீக்குப் பிறகு லண்டனில் தீ பரவாமலிருக்க ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டங்கள் வந்தன. 1707 சட்டம் கூரையோரத்து மர அலங்காரத்தைத் தடுத்தது, அதனால்தான் செங்கல் கைப்பிடிச் சுவர் வந்தது. 1709 சட்டம் ஜன்னல் சட்டத்தைச் சுவரின் முகத்திலிருந்து நாலு அங்குலம் உள்ளே தள்ளச் சொன்னது. 1774 சட்டம் அந்த ஜன்னல் சட்டத்தைச் செங்கலுக்குப் பின்னால் ஒளிக்கச் சொன்னது. ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் ஃபோர்னியர் தெருவில் 1720களில் கட்டிய வீடுகளில் ஜன்னலின் பக்கவாட்டு மரப்பெட்டியின் அகலம் முழுசாகத் தெரியும். 1775இல் தொடங்கிய பெட்ஃபோர்ட் சதுக்கத்தில் மெல்லிய கோடு மட்டும்தான் தெரியும். சட்டம் வந்த மறுநாளே எல்லோரும் மாறிவிடவில்லை, ஆகவே இதை உத்தேசக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்மாடி முன்சுவரிலோ கூரையின் நடுவிலோ பழுப்புக் கறை

கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் இருக்கும் வாய்க்காலைத்தான் முதலில் பாருங்கள். சுவர் கூரையை மறைத்ததால் தண்ணீர் நேராகத் தெருவில் விழ வழியில்லை. பழைய வீடுகளில் தெருவுக்கு இணையாக இரண்டு முகடு இருக்கும், நடுவில் ஒரு பள்ளம், முன்சுவருக்குப் பின்னால் இன்னொரு வாய்க்கால். சில வீடுகளில் அந்த முன்பக்கத்துத் தண்ணீர் பரணுக்குள்ளேயே, ஈயத் தகடு அடித்த மரத்தொட்டி வழியாக, வீட்டைக் கடந்து பின்பக்கம் போகும். பிந்தைய வீடுகளில் இரண்டு சரிவும் நடுவில் வந்து சேர்ந்து, அந்தப் பள்ளம் முன்னாலிருந்து பின்னால் ஓடும். இரண்டு வகையிலும் மொத்த மழையும் வீட்டின் தலைக்கு மேலேயே கொஞ்ச தூரம் பயணம் செய்கிறது.

ஆகவே அடைப்பு எடுப்பது முதல் வேலை. இலை, புறா எச்சம், உடைந்த ஸ்லேட் துண்டு எல்லாவற்றையும் கையால் அள்ளுங்கள், மண்வெட்டி வேண்டாம், ஈயம் கிழியும். துடைத்த பிறகு தகட்டில் குறுக்காக மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ஈயம் வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். ஒரே நீளத் தகடாகப் போட்டிருந்தால் நகர இடமில்லாமல் மடிந்து மடிந்து ஒருநாள் கிழிந்துவிடும். தார் பூசுவதும் ஒட்டுப்பட்டை ஒட்டுவதும் ஒரு குளிர்காலத்தை ஓட்டத்தான் உதவும். சரியான தீர்வு, வாய்க்காலைச் சிறு நீளங்களாகப் பிரித்து, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் படி வைத்து, ஒவ்வொரு தகடும் தன் பாட்டுக்கு அசையும்படி போடுவது. படி வைக்கப் போதுமான சரிவு கிடைக்கவில்லை என்று சிலர் தட்டையாகவே போட்டுவிடுவார்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கறை காய்ந்ததும் விஷயம் முடிந்துவிடாது. வாய்க்காலைத் தாங்கும் உத்தரத்தின் முனை சுவருக்குள் இருக்கும், அதைத் தேடிப் பாருங்கள். ஒரு வீட்டில் கறை கைக்குட்டை அளவுதான் இருந்தது. பெயிண்ட் அடித்தால் போதும் என்று வீட்டுக்காரர் நினைத்தார். நான் பரணில் குப்புறப் படுத்து உத்தரத்தின் முனையில் தமரூசியை வைத்தேன். அழுத்தக்கூட இல்லை, பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது, வெளியே இழுத்தபோது நுனியில் ஈரமான காபித்தூள் மாதிரி ஒட்டியிருந்தது. அந்த உத்தரத்துக்கு மேலே கூரையில் பாதி நின்றுகொண்டிருந்தது.

மரம் சதுரம் சதுரமாக வெடித்திருந்தால், காளான் வாசனை அடித்தால், துரு நிறத்தில் தூள் படிந்திருந்தால் அது டிரை ராட் என்ற பூஞ்சணம். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் அது கிளம்பும். அதனால் முதலில் ஒழுக்கை நிறுத்துங்கள், காற்றோட்டம் கொடுங்கள், கெட்டுப்போன பகுதியை மட்டும் வெட்டி நல்ல மரத்தை ஒட்டுப்போடுங்கள். வீடு முழுக்க மருந்து அடிப்பதற்குக் காசு கேட்டால், ஈரம் எங்கேயிருந்து வருகிறது என்று அவரிடம் திருப்பிக் கேளுங்கள்.

கீழ்த்தளச் சுவரில் இடுப்பளவு ஓதம், உப்புப் பூக்கிறது

தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது, துளை போட்டு ரசாயனம் ஏற்ற வேண்டும் என்று உடனே சொல்வார்கள். மின்சார ஈரமானி சுவரில் பீப் அடித்துக் காட்டுவதை நம்பிவிடாதீர்கள். உப்புப் பூத்த சுவரில் அந்தக் கருவி காய்ந்த இடத்தையும் ஈரம் என்று காட்டும். வெளியே போய்ப் பாருங்கள். நடைபாதையோ மண்ணோ உள்தரையைவிட உயர்ந்திருக்கிறதா? மழைநீர்க் குழாய்க்குப் பின்னால் சுவர் பச்சையாக இருக்கிறதா? வார்ப்பிரும்புக் குழாயின் முன்பக்கம் பெயிண்ட் பளபளப்பாக இருக்கும், வெடிப்பு பின்பக்கம், சுவரை ஒட்டிய பக்கம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் கையை விட்டுத் தடவுங்கள், அல்லது சின்னக் கண்ணாடி ஒன்றைப் பிடித்துப் பாருங்கள்.

அப்புறம் ஒரு எளிய சோதனை. சுவரில் கையகல அலுமினியத் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி மூன்று நாலு நாள் விடுங்கள். அறையைப் பார்த்த பக்கம் நீர் முத்துமுத்தாக நின்றால் அது உங்கள் சமையல், குளியல், உலர்த்திய துணி விட்ட ஆவி. ஜன்னலைத் திறந்தாலே பாதி தீர்ந்துவிடும். சுவர்ப்பக்கம் ஈரமாக இருந்தால் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது. அப்போதும் ஊசி போட ஓடாதீர்கள். இந்தச் சுவர் ஈரத்தை வாங்கி, காற்றில் விட்டு, மறுபடி வாங்கி, இப்படித்தான் இருநூறு வருஷம் நின்றிருக்கிறது. உள்ளே ஜிப்சம் பூச்சும் பிளாஸ்டிக் பெயிண்டும், வெளியே சிமெண்டும் போட்டு இரண்டு பக்கமும் மூடிவிட்டால் ஈரம் மேலே ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. மூடியதை எடுத்து, சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு வெள்ளையும் அடியுங்கள். காய மாதக்கணக்கில் ஆகும். பொறுமை வேண்டும்.

செங்கலின் முகம் உதிர்கிறது, சந்து மட்டும் துருத்தி நிற்கிறது

இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும்.

தெருவில் நின்று பார்க்கும்போது செங்கல் குழிந்துபோய், அதைச் சுற்றி சாம்பல் நிறச் சந்து பிரேம் போட்ட மாதிரி வெளியே நின்றால் காரணம் சிமெண்ட் பாயிண்டிங், அதாவது சந்தைச் சிமெண்டால் அடைத்தது. போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியதே 1824இல்தான், அதுவும் இன்றைய சிமெண்ட் அளவுக்குக் கெட்டி கிடையாது. ஆகவே உங்கள் வீட்டைக் கட்டிய கலவை சுண்ணாம்பும் மணலும். நம் ஊரில் பழைய காரை வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சுண்ணாம்புக் கலவை செங்கலைவிட மிருதுவானது, ஈரம் அதன் வழியாகத்தான் வெளியே போகும், வருஷக்கணக்கில் தேய்ந்து போவதும் அதுதான். தேய்ந்ததை எடுத்துப் புதிதாக அடைத்தால் முடிந்தது. அந்த இடத்தில் சிமெண்டை அடைத்தவுடன் கணக்கு தலைகீழாகிறது: ஈரம் செங்கல் வழியாக வெளியேறுகிறது, குளிர்காலத்தில் செங்கலின் தோலுக்கடியில் உறைந்து பெருக்கிறது, தோல் சில்லுச் சில்லாகக் கழன்று விழுகிறது. லண்டனின் மஞ்சள் ஸ்டாக் செங்கல் களிமண்ணோடு சாக்கும் சாம்பலும் கலந்து சுட்டது. அதன் வெளித்தோல் போய்விட்டால் உள்ளே இருப்பது பொருபொருவென்று உதிரும்.

சந்தில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள வீட்டுச் சாவியால் சுரண்டுங்கள். சுண்ணாம்பு என்றால் வெண்ணெய் நிறத் தூள் வரும், சரியாக நீறாத சுண்ணாம்பு வெள்ளைப் புள்ளிகளாக ஆங்காங்கே தெரியும். சிமெண்ட் என்றால் சாவிதான் தேயும்.

எடுக்கும் விதத்தில்தான் பாதி வீடுகள் கெடுகின்றன. கிரைண்டர் வேண்டவே வேண்டாம். அதன் தகடு சந்தைவிட அகலம், ஒரு கை நழுவினால் செங்கலின் விளிம்பு போய்விடும், போன விளிம்பு திரும்பி வராது. குறுகிய உளி, சிறிய சுத்தியல், ஒரு சதுர மீட்டரில் சோதனை. சிமெண்ட் மேலாக்கப் பூசியிருந்தால் பொடிப்பொடியாகத் தட்டாமலே பட்டை பட்டையாகக் கழன்று வரும், கீழே பழைய சுண்ணாம்பு அப்படியே இருக்கும். கழலாமல் செங்கலின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த இடத்தில் சிமெண்ட் இருந்துவிட்டுப் போகட்டும், குளிரும் வெயிலும் சில வருஷத்தில் அதைத் தளர்த்தியதும் எடுத்துக்கொள்ளலாம்.

சந்தின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்குச் சுத்தம் செய்து, தூசியைத் துடைத்து, தண்ணீர் தெளித்து, அப்புறம் கலவை. மூன்று பங்கு நறநறப்பான மணலுக்கு ஒரு பங்கு நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு. மழை நேராக அடிக்கும் இடமானால் இயற்கையாகவே தண்ணீரில் இறுகும் சுண்ணாம்பில் மிருதுவான ரகம். கடையில் கெட்டி ரகத்தைத்தான் எடுத்து நீட்டுவார்கள். கெட்டியாக இருந்தால் நல்லது என்ற எண்ணம்தான் இந்தச் சுவரை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது. முடித்ததும் ஈரச் சணல் சாக்கைத் தொங்கவிட்டு சில நாள் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பனி விழும் மாதங்களில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. சந்தில் செங்கல் நிறத்திலேயே கலவை அடைத்து, அதன் நடுவில் நூல் பிடித்த மாதிரி வெள்ளைக் கோடு ஒன்று எழும்பி நின்றால் அது டக் பாயிண்டிங். சாதாரணச் செங்கலை விலையுயர்ந்த, நுணுக்கமாகச் செதுக்கிய செங்கல் மாதிரிக் காட்டச் செய்தது. அந்தக் கோட்டில் கொஞ்சமாவது மிச்சமிருந்தால் சாதாரண பாயிண்டிங் செய்பவரை அருகே விடாதீர்கள். இதற்கென்று பழகிய கை வேண்டும். டப்ளினில் இதையே வேறு முறையில் செய்தார்கள், விக்கிங் என்பார்கள். லண்டன் ஆளை வைத்து டப்ளின் வீட்டையோ, டப்ளின் ஆளை வைத்து லண்டன் வீட்டையோ செய்தால் கண்ணை உறுத்தும்.

சில கற்களை மாற்றத்தான் வேண்டும் என்றால், பழைய கல்லை அளந்துகொண்டு போங்கள். இன்றைய செங்கலின் உயரம் 65 மில்லிமீட்டர். பழையது அதோடு வரிசைக்கு நிற்காது.

முகப்பு வயிறு தள்ளியிருக்கிறது

மேல் ஜன்னலிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு மாடியிலும் சுவருக்கும் நூலுக்கும் நடுவில் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சாய்ந்திருப்பது இந்த வயதில் சகஜம். ஆனால் நடுவில் மட்டும் பிதுங்கியிருந்தால், விரல் முட்டியால் தட்டும்போது பானையைத் தட்டிய மாதிரிச் சத்தம் வந்தால், முகத்தோல் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

வெளியே பார்த்தால் ஃபிளெமிஷ் கட்டு: வரிசையில் ஒரு கல்லின் நீளம், அடுத்து ஒரு கல்லின் தலை, மறுபடி நீளம், மறுபடி தலை. தலை தெரிகிற கல் உள்ளே போய்ச் சுவரைப் பிணைக்கிறது என்று பார்ப்பவர் நினைப்பார். பல வீடுகளில் அந்தக் கல்லைப் பாதியாக உடைத்து வைத்திருப்பார்கள். முகக்கல்லுக்கு விலை அதிகம், அதன் சந்தும் மெல்லிசு. பின்னால் இருப்பது சரியாக வேகாத மலிவுக் கல், தடித்த சந்து. இரண்டின் வரிசையும் ஒரே மட்டத்துக்கு வராது, எங்கேயாவது தற்செயலாக மட்டம் சேரும் இடத்தில் மட்டும் முழுக் கல்லை உள்ளே விட்டார்கள். ஆக, நீங்கள் பார்த்து வியக்கும் அந்த முகப்பு அரைக்கல் தடிமனுள்ள ஒரு தோல். இது போதாதென்று சுவருக்குள்ளேயே நீளவாக்கில் மரச்சட்டங்களை வைத்துக் கட்டியிருப்பார்கள். ஈரத்தில் அந்த மரம் உளுத்துச் சுருங்கினால் மேலே இருக்கும் கனம் தோலின் மேல் வந்து விழும், தோல் வெளியே வளையும்.

1774 சட்டம் வீடுகளை நான்கு தரமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சுவர்த் தடிமன் விதித்தது: 850 பவுண்டுக்கு மேல் மதிப்புள்ளது முதல் தரம், 150க்குக் கீழே நான்காம் தரம். தடிமனைத்தான் சட்டம் கேட்டது. உள்ளே எந்தக் கல்லை வைத்தார்கள் என்று எல்லா இடத்திலும் யாரும் உடைத்துப் பார்க்கவில்லை.

அடுத்து தரையைப் பாருங்கள். பலகைகள் தெருவுக்கு இணையாக ஓடினால், அடியில் உள்ள தளச்சட்டங்கள் முன்னாலிருந்து பின்னால் போகின்றன, அவற்றின் முனை முன்சுவரில் உட்கார்ந்து ஓரளவு பிடித்துக்கொண்டிருக்கிறது. பலகைகள் தெருவைப் பார்த்து ஓடினால் சட்டங்கள் ஒரு பொதுச்சுவரிலிருந்து மற்றதற்குப் போகின்றன. முன்சுவரைப் பிடிக்க ஒன்றுமில்லை. இந்த ஒரு விஷயத்தைச் சொன்னாலே எஞ்சினியர் பாதி வரைபடத்தைப் போட்டுவிடுவார். எஞ்சினியர் கட்டாயம் வேண்டும், பழைய கட்டடங்களில் பழகியவராகவே வேண்டும். வில்லியம் மோரிஸ் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்றும் இயங்குகிறது, இந்த மாதிரி விஷயத்தில் ஆலோசனை கேட்கலாம்.

தீர்வு பெரும்பாலும் இடித்துக் கட்டும் அளவுக்குப் போகாது. தோலையும் உடலையும் சந்து வழியாக மெல்லிய எஃகுக் கம்பிகளால் தைப்பார்கள், தரைக்கடியில் எஃகுப் பட்டை போட்டுச் சுவரைத் தளத்தோடு கட்டுவார்கள். சில வீடுகளின் முகப்பில் வட்டமாகவோ எஸ் வடிவிலோ இரும்புத் தட்டு பார்த்திருப்பீர்கள், அது பழைய காலத்தில் இதே வேலையைச் செய்த கம்பியின் முனை. அதை அழகு இல்லை என்று கழற்றிவிடாதீர்கள்.

ஜன்னலுக்கு மேலே தட்டை வளைவு இறங்கியிருக்கிறது, படிப்படியாக விரிசல்

ஜன்னல் தலையில் விசிறி மாதிரி நிற்கும் கற்கள் கையால் தேய்த்து உருவாக்கிய மிருதுவான செங்கற்கள், சந்து தாள் தடிமன்தான் இருக்கும். அதற்குப் பின்னால் உள்சுவரைத் தாங்குவது ஒரு மர விட்டம். வளைவின் நடுக்கல் கீழே நழுவியிருந்தால் அந்த விட்டத்தைப் பாருங்கள், உளுத்திருக்கும்.

விரிசலுக்கு அவசரமாகப் பூசாதீர்கள். இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, அகலத்தை அளந்து வையுங்கள். விரிசலுக்குள் பழைய பெயிண்டும் தூசியும் இருந்தால் அது தாத்தா காலத்து விரிசல், ஓய்ந்துவிட்டது. உள்ளே பளிச்சென்று செங்கல் நிறம் தெரிந்தால் புதிது. கோடையில் விரிந்து குளிர்காலத்தில் மூடிக்கொண்டால் லண்டன் களிமண் காய்ந்து சுருங்குகிறது. தெருவில் பெரிய பிளேன் மரம் இருக்கிறதா என்று பாருங்கள். மரத்தை உடனே வெட்டச் சொல்லாதீர்கள், அது குடித்த தண்ணீரெல்லாம் மண்ணுக்குத் திரும்பினால் களிமண் உப்பி எதிர்த்திசையில் தள்ளும். வாரக்கணக்கில் அகலம் கூடிக்கொண்டே போனால் மட்டும் அன்றைக்கே எஞ்சினியரைக் கூப்பிடுங்கள்.

ஜன்னல் நகரவில்லை, அல்லது தூக்கினால் தலையில் விழுகிறது

இது வீட்டுக்காரரே செய்யக்கூடிய வேலை. மேலும் கீழும் நகரும் இந்த ஜன்னலில் இரண்டு பக்கமும் மரப்பெட்டிக்குள் இரும்பு எடைகள் கயிற்றில் தொங்குகின்றன. நகராவிட்டால் முதலில் பெயிண்ட். ஓரம் முழுக்க மெல்லிய கத்தியால் கீறி, கட்டை ஒன்றை வைத்து மெதுவாகத் தட்டுங்கள். தூக்கினால் நிற்காவிட்டால் கயிறு அறுந்திருக்கிறது. உள்பக்கப் பட்டியைக் கழற்றினால் கீழ்ச் சட்டம் கையோடு வரும், நடுப்பட்டியைக் கழற்றினால் மேல்சட்டமும் வரும். பெட்டியின் அடியில் கையகல மரத்துண்டு ஒன்று செருகியிருக்கும், பெயிண்டுக்கடியில் அதன் கோடு தெரியும். அதை எடுத்தால் எடை கிடைக்கும். பழைய கயிற்றின் நீளத்தை அளந்து புதிது மாட்டுங்கள். கீழ்ச் சட்டத்துக்கு எடை கொஞ்சம் குறைவாகவும், மேல்சட்டத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவும் இருந்தால் இரண்டும் தானாக மூடிக்கொள்ளும்.

கண்ணாடியைக் கவனியுங்கள். எதிர்வீட்டுச் சுவர் அதில் தண்ணீரில் தெரிகிற மாதிரி நெளிந்தால், லேசாக வளைந்திருந்தால், ஊதிச் சுழற்றிச் செய்த பழைய கிரௌன் கண்ணாடியாக இருக்கலாம். உடைந்தால் அவ்வளவுதான். கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்திருக்கும் புட்டிப் பசையைச் சூட்டுக்காற்றுத் துப்பாக்கியால் எடுக்கப் போகாதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், அதையும் உலர்ந்தபடி தேய்க்கக் கூடாது.

குளிர் வருகிறது என்று ஜன்னலையே மாற்றுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. இரண்டு பக்கமும் பெயிண்டில் ஒட்டிக் கிடக்கும் மடக்குக் கதவுகளைக் கீறித் திறந்து பாருங்கள். ராத்திரி அவற்றைச் சாத்தி, குறுக்குக் கம்பியைப் போட்டதும் அறையில் உள்ள வித்தியாசம் பத்து நிமிஷத்தில் தெரியும். அதற்காகத்தானே வைத்தார்கள்.

தரை சரிவு, கதவு சாத்த மாட்டேன் என்கிறது

வீட்டின் நடுவில் முன்னறையையும் பின்னறையையும் பிரிக்கும் சுவர் பலகைச் சுவர் மாதிரித் தெரிந்தாலும் பல வீடுகளில் மேல்தளத்தைத் தாங்குவது அதுதான். உள்ளே சாய்வான மரச்சட்டங்கள் கோத்திருக்கும். யாராவது புதிதாக வாசல் வெட்டி, வழியிலிருந்த சாய்சட்டத்தை அறுத்திருந்தால் மேல்மாடி இறங்கும். குளியலறைக் குழாய்க்காகத் தளச்சட்டத்தின் தலையில் வெட்டியிருந்தாலும் அப்படித்தான்.

பழைய அசைவா புதியதா என்று கதவே சொல்லும். கதவின் மேல்விளிம்பு ஒரு பக்கம் குறுகலாகச் சீவியிருந்தால், சுவரோரப் பட்டி தரைச் சரிவுக்கு ஏற்ப வெட்டியிருந்தால், யாரோ ஒரு தச்சர் நூறு வருஷம் முன்பே அந்தச் சரிவைப் பார்த்துச் சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறார். விட்டுவிடுங்கள். சதுரமான கதவு இப்போது திடீரென்று உரசினால்தான் தேட வேண்டும்.

கூரைப் பூச்சு தொங்குகிறது

மெல்லிய மரப்பட்டிகளில் முடி கலந்த சுண்ணாம்பைப் பூசியது. பட்டிகளின் இடுக்கு வழியாகப் பிதுங்கி மேலே கொக்கி மாதிரிப் பிடித்திருக்கும் பகுதி உடைந்தால் பூச்சு தொங்கும். உள்ளங்கையால் தாங்கி லேசாக அழுத்துங்கள், கூட வந்தால் கீழேயிருந்து வாஷர் வைத்துத் திருகாணி போட்டுப் பிடிக்கலாம். முழுதாக இடித்துத் தள்ளி ஜிப்சம் பலகை அடித்தால் விளிம்பில் உள்ள பூவேலையும் போய்விடும்.

வாசலைச் சுற்றிய அலங்காரக் கல் உதிர்கிறது

உதிராமல் கூர்மையாக நின்றால் அது கோட் கல்லாக இருக்கலாம். எலினார் கோட் லாம்பெத்தில் 1769 முதல் நடத்திய தொழிற்சாலையில் களிமண் கலவையை அச்சில் வார்த்துச் சூளையில் சுட்டது. பெட்ஃபோர்ட் சதுக்கத்து வாசல்களில் பார்க்கலாம். மணல் பீச்சிச் சுத்தம் செய்தால் சுட்ட தோல் போய்விடும், தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் போதும். உதிர்ந்தால் அது வேறு கல்லோ பூச்சோ, எதுவென்று தெரிந்த பிறகே கை வையுங்கள்.

நடைபாதைக்கடியில் உள்ள அறை நனைகிறது

கரி கொட்டிவைத்த அறை அது, நடைபாதையில் உள்ள வட்ட இரும்பு மூடி வழியாகக் கரியை இறக்குவார்கள். ஈரமாக இருப்பது அதன் இயல்பு. கதவில் ஓட்டை போட்டுக் காற்று விடுங்கள், அட்டைப்பெட்டிகளை அங்கே அடுக்காதீர்கள்.

ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல்

ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்தது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். வரி இருந்தது உண்மை, 1696 முதல் 1851 வரை. ஆனால் அடைத்த ஜன்னல்கள் எல்லாமே அதனால் வந்தவை இல்லை. பலவற்றுக்குப் பின்னால் புகைபோக்கியோ பொதுச்சுவரோ இருக்கிறது, முகப்பின் வரிசை கெடாமலிருக்க ஜன்னல் வடிவத்தை மட்டும் கட்டினார்கள். உடைத்துத் திறக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: முதலில் அறைக்குள் போய் அதே இடத்தைப் பாருங்கள். மடக்குக் கதவின் பெட்டியும், சட்டத்தின் ஓரப்பட்டியும் பூச்சுக்கடியில் தென்பட்டால் ஒருகாலத்தில் வெளிச்சம் வந்திருக்கிறது, கவுன்சிலிடம் பேசிப் பார்க்கலாம். கையை வைத்தால் அடுப்பின் சூடு தெரிந்தால், நீங்கள் தொடுவது புகைபோக்கி.